எம்.ஏ. எகனாமிக்ஸ்: சேர்வதற்கு முன்னும் சேர்ந்த பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் முதுகலைப் பொருளியல் படிக்க வருகிற நிறைய பேர் முதல் செமஸ்டரிலேயே திணறுகிறார்கள். அறிவுக் குறைவு ஒன்றும் இல்லை, பி.ஏ.வின் நீட்சிதான் எம்.ஏ. என்று நினைத்து வருவதுதான் காரணம். பி.ஏ.வில் தேவை விதிக்கான விதிவிலக்குகளை வரிசையாக எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். எம்.ஏ.வில் ஒரு நுகர்வோருக்குப் பயன்பாட்டுச் சார்பை, அதாவது எதை எவ்வளவு வாங்கினால் எவ்வளவு திருப்தி என்று சொல்லும் சமன்பாட்டைக் கொடுத்து, கையில் இருக்கிற வருமானத்துக்குள் அதை உச்சமாக்கி, அங்கிருந்து, விலைக்கும் வருமானத்துக்கும் ஏற்ப எவ்வளவு வாங்குவார் என்று சொல்லும் தேவைச் சார்பைக் கொண்டு வரச் சொல்வார்கள். இது வேறு வேலை. இதைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட, சேர்வதற்கு ஒரு வருடம் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் தேதிகள். இளங்கலை கடைசித் தேர்வு முடியட்டும், மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்குப் பாதிக் கதவுகள் அதற்குள் மூடியிருக்கும். ஐ.ஐ.டி. மெட்ராஸில் இரண்டு வருட எம்.ஏ.வுக்குக் கேட் (GATE) என்ற அகில இந்தியத் தேர்வு வழியாகத்தான் போக வேண்டும். அந்த விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலேயே திறந்துவிடும், தேர்வு பிப்ரவரியில். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் பி.ஜி. (CUET PG) விண்ணப்பம் சமீப வருடங்களில் டிசம்பர், ஜனவரி வாக்கில் வருகிறது. அதாவது, மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே பட்டியல் போட்டு வைத்திருக்க வேண்டும். லயோலா, பிரசிடென்சி, கிறித்துவக் கல்லூரி, ஸ்டெல்லா மாரிஸ் மாதிரியான கல்லூரிகளுக்கு அவகாசம் இருக்கும், ஆனால் அங்கேயும் அரசு உதவி பெறும் எய்டட் இடமா, கல்லூரியே கட்டணம் வாங்கி நடத்தும் செல்ஃப் ஃபைனான்ஸ் இடமா என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள், கட்டணத்தில் பெரிய வித்தியாசம் வரும்.

அடுத்தது பட்டத்தின் பெயர். இதில் நடக்கிற தவறு நான்கைந்து வருடம் கழித்துத்தான் தெரியவரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு எகனாமிக்ஸ், அப்ளைடு எகனாமிக்ஸ், பிசினஸ் எகனாமிக்ஸ், எகனோமெட்ரிக்ஸ் (புள்ளியியல் கொண்டு பொருளியல் உறவுகளை அளப்பது) ஆகியவற்றில் ஒன்றில் முதுகலைப் பட்டம் வேண்டும். வளர்ச்சி ஆய்வியலில் எம்.ஏ. வாங்கிவிட்டு, நாங்களும் பொருளியல் தாள்கள் படித்தோமே என்று சொல்வது அங்கே எடுபடாது. நிதியில் எம்.பி.ஏ. முடித்தவருக்கும் அதே கதிதான். ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறைக்கான கிரேடு பி அதிகாரி தேர்வில் எந்தெந்தப் பட்டங்கள் செல்லும் என்று தனிப் பட்டியல் உண்டு, மதிப்பெண் வரம்பும் உண்டு. கல்லூரி ஆசிரியர் ஆக நெட் (NET) என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதுவதற்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், பிற்படுத்தப்பட்ட, பட்டியல், பழங்குடி வகுப்பினருக்கு 50. எனவே எந்த வேலையை மனதில் வைத்திருக்கிறீர்களோ, அதன் கடைசி அறிவிப்பை எடுத்துத் தகுதிப் பத்தியை ஒரு முறை முழுசாகப் படியுங்கள். அதற்குப் பிறகு, நீங்கள் சேரப்போகும் படிப்பின் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும் என்று அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, சிறப்புப் பாடத்தைப் பெயரின் கவர்ச்சிக்காக எடுப்பது. 1993-ல் தொடங்கி, இப்போது கோட்டூரில் இருக்கிற மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பொதுப் பொருளியல், நிதிப் பொருளியல், சுற்றுச்சூழல் பொருளியல், ஆக்சூரியல் (காப்பீடு போன்றவற்றின் இடர்க் கணக்கு) என்று கிளைகள் உண்டு. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஒரு துறை, எகனோமெட்ரிக்ஸ் தனித் துறை. நிதிப் பொருளியல் என்றால் பங்குச் சந்தையில் எதை வாங்கலாம் என்று சொல்லித் தருவார்கள் என நினைத்து வருகிறவர்கள், நிகழ்தகவும், ஒரே அளவைக் காலவாரியாக வரிசைப்படுத்திய காலத்தொடரும் பார்த்து மிரண்டு போகிறார்கள். சுற்றுச்சூழல் பொருளியலோ மரம் வளர்ப்பது பற்றியது அல்ல. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு விலைச்சீட்டு இல்லாதபோது அதன் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது, தொழிற்சாலைக் கழிவுக்கு வரி போடுவதா வரம்பு வைப்பதா என்று கணக்குப் போடுகிற பாடம் அது. என் அபிப்பிராயம், முதல் வருடம் எல்லாக் கிளைக்கும் அடிப்படை பெரும்பாலும் ஒன்றுதான்: நுண்ணியல், பேரியல், கணிதம், எகனோமெட்ரிக்ஸ். அந்த நான்கும் பலமாக இருக்கிற இடத்தைத் தேடுங்கள். கிளையின் பெயர் அடுத்த கேள்வி.

கணிதத்தைப் பற்றிய பயத்தைத் தள்ளிப்போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பிளஸ் டூவில் கணிதம் இல்லாமல் வணிகவியல் படித்து, பி.காம். அல்லது பி.ஏ. முடித்து வருகிறவர்கள் இங்கே ஏராளம். சில இடங்களில் பிளஸ் டூ கணிதம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது, அதை முதலில் பாருங்கள். விண்ணப்பிக்க முடிகிற இடத்திலும், வகுப்பில் சொல்லித் தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். அணிகள், வகையீடு, பகுதி வகையீடு, நிகழ்தகவு, எதிர்பார்ப்பு மதிப்பு, கருதுகோள் சோதனை, இவ்வளவும் தெரிந்திருக்கிறது என்ற நினைப்பில்தான் ஆசிரியர் ஆரம்பிப்பார். இதற்குக் காசு கொடுத்து கோச்சிங் போக வேண்டியதில்லை. நம் மாநிலப் பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ வணிகக் கணிதமும் புள்ளியியலும் புத்தகங்களில் இதில் முக்கால்வாசி இருக்கிறது, தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்கள் இரண்டு மொழிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், கணிதமும் வரும், வகுப்பில் காதில் விழப்போகும் ஆங்கிலச் சொற்களும் பழகிவிடும். கோடை விடுமுறையில் தினமும் இரண்டு மணி நேரம், கையால் போட்டுப் பார்த்து. வீடியோ பார்த்துத் தலையாட்டினால் கணக்கு வராது.

சேர்ந்த பிறகு நடக்கிற தவறுகள் பெரும்பாலும் டேட்டாவில்தான். தமிழ்நாட்டில் பெண்கள் வேலைக்குப் போவது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று ஒருவர் டெசர்ட்டேஷன், அதாவது கடைசி ஆய்வேடு, எழுத ஆரம்பிக்கிறார், நல்ல தலைப்பு. 2017-18 முதல் நடக்கிற காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் (PLFS) வருடாந்தர அறிக்கையில் ஒரு எண்ணை எடுக்கிறார், இன்னொரு வருடத்துக்குக் காலாண்டு அறிக்கையிலிருந்து ஒரு எண்ணை எடுக்கிறார், கோடு போடுகிறார். வருடாந்தர அறிக்கையில் பலரும் எடுக்கும் எண் வழக்கமான நிலை, அதாவது கடந்த 365 நாளை வைத்துச் சொல்வது. காலாண்டு அறிக்கையில் இருப்பது நடப்பு வார நிலை, கடந்த 7 நாளை வைத்துச் சொல்வது. வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொண்டு, நாற்று நடும்போது மட்டும் வயலுக்குப் போகிற ஒரு பெண் முதல் அளவையில் உழைப்பாளராக வரக்கூடும், இரண்டாவதில் அந்த வாரத்தைப் பொறுத்து வராமலே போகலாம். அப்போது கோட்டில் தெரிகிற ஏற்ற இறக்கம் வரையறையால் வந்ததா, வாழ்க்கையில் நடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் இந்தக் கணக்கெடுப்பின் வடிவமைப்பையே மாற்றியிருக்கிறார்கள், எனவே அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைச் சேர்க்கும்போது இன்னும் கவனம் வேண்டும்.

தனிநபர் அளவிலான டேட்டாவை அரசின் புள்ளியியல் அமைச்சகமே இலவசமாகத் தருகிறது, இது நமக்குக் கிடைத்திருக்கிற பெரிய வசதி. ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பெருக்கி, அதாவது அந்த ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்ற எண், கொடுத்திருப்பார்கள். அதைப் போடாமல் சராசரி எடுத்தால் கிடைப்பது கணக்கெடுப்பில் சிக்கியவர்களின் சராசரி, தமிழ்நாட்டின் சராசரி அல்ல. அதோடு, மாநில அளவுக்காகத் திட்டமிட்ட மாதிரியை எடுத்து, ஒரே மாவட்டத்தில் பட்டதாரிப் பெண்கள், அதிலும் ஒரு வயதுக்குள் என்று வெட்டிக்கொண்டே போனால் கையில் பத்துப் பதினைந்து பேர்தான் மிஞ்சுவார்கள். அதை வைத்து சதவீதம் எழுதக் கூடாது.

கூலி பற்றி எழுதுகிறவர்கள் விலைவாசியை மறந்துவிடுகிறார்கள். தினக்கூலி 400-லிருந்து 600 ஆனது, விலைக் குறியீடு 100-லிருந்து 150 ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெய்க்கூலி, அதாவது அந்தக் கூலியால் வாங்க முடிகிற பொருளின் அளவு, கொஞ்சம் கூட உயரவில்லை. விவசாயக் கூலிக்கு விவசாயத் தொழிலாளர்களுக்கான குறியீட்டை எடுக்க வேண்டும், ஆலைத் தொழிலாளருக்கானதை எடுத்தால் முடிவு மாறும். அப்புறம் காலத்தொடர்: ஒரே திசையில் வளர்ந்துகொண்டே போகிற எந்த இரண்டு தொடரை ரிக்ரெஷனில் (ஒன்று மற்றொன்றோடு எப்படி மாறுகிறது என்று அளக்கும் முறை) போட்டாலும், பொருத்தம் எவ்வளவு என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் பெரும்பாலும் பிரமாதமாக வரும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத தொடர்களிலும் இப்படி நடக்கும் என்று கிரேஞ்சர், நியூபோல்டு என்ற பொருளியலாளர்கள் 1974-லேயே காட்டிவிட்டார்கள். ஆர்-ஸ்கொயர் 0.95 வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் யூனிட் ரூட் சோதனை செய்து, தொடர்கள் நிலையான சராசரியைச் சுற்றி இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மென்பொருளைப் பற்றி ஒரே வரிதான்: ஸ்டேட்டா கல்லூரி லேபில் இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் ஆர், கிரெட்ல் இரண்டும் இலவசம். திருட்டுப் பிரதி தேடி அலையாதீர்கள்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு எடுப்பதில் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். 'இந்தியப் பொருளாதார வளர்ச்சியில் தாராளமயமாக்கலின் தாக்கம்' மாதிரி நான்கு பேராசிரியர்கள் சேர்ந்து பத்து வருடம் செய்ய வேண்டியதை ஒரு செமஸ்டருக்கு எடுப்பது ஒன்று. பக்கத்தில் இருக்கிறதெல்லாம் சின்ன விஷயம் என்று ஒதுக்குவது இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915-ல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அவர்கள் எழுதியது 1918-ல் வெளிவந்தது. இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி என்று அந்த ஊர்களுக்கு 1930-களில் வேறு ஆய்வாளர்கள் மறுபடி போனார்கள், அதற்குப் பிறகும் போனார்கள். ஒரு கிராமம் பல தலைமுறைகளில் எப்படி மாறியது என்று உலகத்தில் அதிகம் பேருக்குக் கிடைக்காத தொடர்ச்சி நமக்கு இருப்பது, மாணவர்களின் அந்தக் கணக்கெடுப்பிலிருந்துதான். அடையாறில் மால்கம் ஆதிசேஷையா 1971-ல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு நிறுவனமான எம்.ஐ.டி.எஸ். (MIDS) இருக்கிறது, தமிழ்நாட்டுப் பொருளாதாரம் பற்றி அங்கே நடந்த ஆய்வுகளைப் படிக்காமல் இங்கே தலைப்பு எடுப்பது நியாயமில்லை. கோயம்பேடு காய்கறிச் சந்தையில் கமிஷன் எப்படிப் பிரிகிறது, ஓ.எம்.ஆர். மெஸ்களில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்கு எவ்வளவு அனுப்புகிறார்கள், இப்படிப் போய்ப் பார்த்துக் கேட்டு வரக்கூடிய கேள்வியாக எடுங்கள்.

ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரான கைடிடம் போகும்போது முப்பது பக்க முன்னுரையோடு போகாதீர்கள். ஒரு கேள்வி, அதற்கான ஒரு காலி அட்டவணை, எந்தக் கட்டத்தில் எந்த எண் வரும், அது எங்கே கிடைக்கும் என்று எழுதிய ஒரே தாள், அது போதும். மூன்றாவது செமஸ்டர் முடிவதற்குள் அந்தத் தாள் தயாராகிவிட்டால், நான்காவதில் டேட்டா வரவில்லை என்று அலைய வேண்டியிருக்காது.