மழை விட்ட காலையில் நத்தையும் சிலந்தியும் தேடி: முதல்முறை போகிறவர்களுக்கு

சென்னையில் காடு எங்கே என்று கேட்பவர்களிடம் கிண்டியையும் நன்மங்கலத்தையும் சொல்வேன். இரண்டும் முள்ளும் புதருமான வறண்ட காடுகள். கிண்டியில் புள்ளிமானைப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். அங்கேயே நத்தையும் சிலந்தியும் பார்க்க, நூறு மீட்டர் தூரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். இந்த நடையில் மெதுவாகப் போகிறவருக்குத்தான் அதிகம் கிடைக்கும்.

முதலில் நாள் பாருங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல காலம். இரவு மழை பெய்து விடிகாலையில் விட்டிருந்தால் ஆறு மணிக்கே கிளம்புங்கள். கோடையில் பல நத்தைகள் ஓட்டின் வாயை மெல்லிய படலத்தால் அடைத்துக்கொண்டு உறங்கிவிடும். கிண்டி தேசியப் பூங்காவுக்குள்ளும் நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள்ளும் போக வனத்துறை அனுமதி அவசியம். அது கிடைக்கும் வரை தெருமுனைப் பூங்காவில் பழகுங்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன்.

குழுவும் பையும்

ஆறு பேர் போதும். ஒருவர் குறிப்பெழுத, ஒருவர் படம் எடுக்க, ஒருவர் தரையை மட்டும் கவனிக்க. கடைசி வேலைதான் முக்கியம், ஏனென்றால் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் வாழும் இடம் இது. ஷூ, டார்ச், கைலென்ஸ், கையுறை, மாவுச் சல்லடை, பழைய வெள்ளை வேட்டித் துண்டு, ஒரு ரூபாய் நாணயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நத்தை தேடுவது

முதலில் அந்நியனை அடையாளம் காணுங்கள். கூம்பாக நீண்டு, பழுப்புக் கோடுகளோடு, கைவிரல் நீளத்துக்கு வளர்வது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847இல் கல்கத்தாவுக்கு வந்து, நாடு முழுக்கப் பரவியது. மனிதருக்கு நோய் தரும் எலி நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடியது, வெறுங்கையால் தொடாதீர்கள். இதைப் பார்த்துப் பழகிவிட்டால் நம் மண்ணின் நத்தைகள் தானாகக் கண்ணில் படும்.

மிகச் சிறியவை சருகுக்குள் இருக்கும். கையுறை போட்டு ஒரு கைப்பிடிச் சருகை அள்ளி, வெள்ளைத் துணிமேல் சலியுங்கள். மண்துகள் என்று நினைத்தது சில நிமிஷத்தில் கொம்பு நீட்டும். அரிசியைவிடச் சின்ன ஓட்டுக்கும் அத்தனை சுருளும் இருக்கும். லென்ஸில் பார்த்தால் பேச்சு வராது.

அப்புறம் ஓடு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி வைத்தால், பெரும்பாலானவற்றில் வாய் வலப்பக்கம் இருக்கும். இடப்பக்கம் இருந்தால் அது அபூர்வம், உடனே படம் எடுங்கள். நாம் வலம்புரி என்று கும்பிடும் சங்கும் இந்தக் கணக்கில் இடச்சுற்றுதான்! சங்கைக் கூர்முனை கீழே இருக்கும்படி பிடித்துப் பார்ப்பதால் வந்த பெயர் அது.

சிலந்தி தேடுவது

புதர்களுக்கு நடுவே, வலையில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து உட்கார்ந்திருக்கும் சிலந்தியைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கிடக்கும் இரட்டைவால் சிலந்திக்குப் பொறுமை வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தது எறும்பு வேஷக்காரர். முசுறு எறும்புகள் இலைகளைத் தைத்துக் கூடு கட்டிய மரத்தில், கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரியும் ‘எறும்பு’ ஒன்றைப் பாருங்கள். கால்களை எண்ணுங்கள். எட்டு! முன்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரி தூக்கி ஆட்டும். விரலை அருகே கொண்டுபோனால் நூல்விட்டுத் தொங்கிவிடும், எந்த எறும்பும் அப்படிச் செய்யாது.

கல்லைப் புரட்டுவதாக இருந்தால் எதிர்ப்பக்க விளிம்பைக் குச்சியால் நெம்பி கல்லை உங்கள் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். அடியில் தேளோ பாம்போ இருந்தால் கல் நடுவில் மறைப்பாக நிற்கும். பார்த்ததும் அதே குழியில் மெதுவாக வையுங்கள்.

பதிவு

நத்தைக்கு மூன்று படங்கள்: மேலிருந்து, வாய்ப்பக்கம், அடிப்பக்கம். சிலந்திக்கு முதுகு, முகம், வலை. கண்கள் அமைந்த விதத்தை வைத்தே பெரும்பாலும் குடும்பத்தைச் சொல்லிவிடலாம் என்பதால் முகத்தை விடாதீர்கள். அளவு தெரியப் பக்கத்தில் நாணயம் வையுங்கள். பார்த்த உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றும்போது, அரியதென்று தோன்றினால் இடத்தை மறைக்கும் வசதியைப் போடுங்கள்.

சலித்த சருகை எடுத்த இடத்திலேயே கொட்டுங்கள். காலி ஓட்டையும் எடுத்து வராதீர்கள், அதற்குள் ஏதாவது குடியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு மற்ற வேலை.