ஓவன் சூடாகவில்லையா? கரண்ட் எதுவரை வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

வெளிநாட்டில் வாடகைக்கு வீடு எடுத்தால் அடுப்பும் ஓவனும் பெரும்பாலும் சமையலறையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஒரு நாள் அது சூடாகவில்லை என்றால் உடனே ‘ஓவன் போச்சு’ என்று முடிவு கட்டாதீர்கள், பல நேரம் ஓவனில் ஒரு குறையும் இருக்காது, அதற்குக் கரண்ட் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்காது, அவ்வளவுதான்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மின்வெட்டுக்குப் பிறகு 0:00 அல்லது 12:00 என்று மின்னிக்கொண்டே இருந்தால், பல மாடல்கள் நீங்கள் நேரம் வைக்கும்வரை சூடாகவே மாட்டா. குடிவந்த முதல் வாரத்தில் பலர் முழிப்பது இதில்தான். திரையில் சாவிப் படம் தெரிந்தால் குழந்தைப் பூட்டு போட்டிருக்கிறது என்று அர்த்தம்.

திரையே இருட்டாக இருந்தால் சுவருக்குப் போங்கள். பிரிட்டன் போன்ற நாடுகளில் அடுப்புக்கென்றே தனியாக ஒரு பெரிய சுவிட்ச் இருக்கும், பல வீடுகளில் சிவப்பு நிறத்தில், சில சமயம் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு. முன்பு இருந்தவர்கள் அதை அணைத்துவிட்டுப் போயிருக்கலாம். அதுவும் சரி என்றால் மெயின் போர்டு. ட்ரிப் ஆன பிரேக்கர் எல்லாம் முழுசாகக் கீழே விழாது, அமெரிக்க வகை பல நடுவிலேயே நிற்கும், பார்த்தால் ஆனில் இருப்பது போலத்தான் தெரியும். அதை முதலில் முழுசாக ஆஃப் பக்கம் தள்ளி, அப்புறம் ஆன் செய்யுங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டால் கோளாறு பெரிதாகுமே தவிரச் சரியாகாது.

ரொம்பக் குழப்புவது இன்னொன்று: கடிகாரம் எரிகிறது, உள்ளே விளக்கும் எரிகிறது, சூடு மட்டும் வரவில்லை. கரண்ட்தான் இருக்கிறதே என்று நினைப்போம். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓவனுக்கு 240 வோல்ட் வேண்டும், அது 120 வோல்ட் உள்ள இரண்டு லைன்கள் சேர்ந்து வருவது. கடிகாரத்துக்கும் விளக்குக்கும் ஒரு லைனே போதும், அதனால் மற்ற லைன் செத்துப் போனாலும் அவை பாட்டுக்கு எரியும், ஓவனைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயில் மட்டும் சூடாகாது. கோளாறு பிரேக்கரில் இருக்கலாம், ஓவனுக்குப் பின்னால் வயர் சேரும் இடத்தில் இருக்கலாம், தெருவிலிருந்து வரும் லைனிலேயே இருக்கலாம். துணி உலர்த்தும் மெஷினும் சூடாகவில்லை, வீட்டில் பாதி விளக்குகள் எரியவில்லை, ஓவனைப் போட்டதும் அந்த எரியாத விளக்குகள் மங்கலாக மினுக்குகின்றன என்றால் கோளாறு பெரும்பாலும் ஓவனுக்கு வெளியே. ஓவனை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குத்தான் போன் போட வேண்டும், ஓவன் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பணம் தண்டம். ஜெர்மனி மாதிரி மூன்று ஃபேஸ் அடுப்பு உள்ள நாடுகளில் இதே கதை வேறு வேடத்தில் வரும்: இரண்டு பர்னர் வேலை செய்யும், மற்றவை செய்யாது. அப்போது போர்டில் அடுப்புக்குரிய பியூஸ்களில் ஏதோ ஒன்று விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஓவன் போட்டுச் சில நிமிடத்தில் வீட்டின் பாதிக்கே கரண்ட் போனால், அது எர்த்துக்குக் கசியும் கரண்ட்டைப் பிடிக்கும் ஆர்.சி.டி. விழுவது. வெகுநாள் மூடிக் கிடந்த வீட்டில் இது சகஜம், காயிலுக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கசிய விடும். கிரில் போட்டால் மட்டும் விழுகிறதா, கீழ்ச்சூட்டில் மட்டும் விழுகிறதா என்று கவனித்து வையுங்கள், எந்தக் காயில் என்று தெரிந்தால் எலக்ட்ரீஷியனுக்குப் பாதி வேலை மிச்சம். விழுகிறதே என்று ஆர்.சி.டி.யைத் தவிர்த்து வேறு வழியாக இணைக்கும் யோசனையே வேண்டாம், ஷாக் அடித்தால் உயிரைக் காப்பது அதுதான்.

எக்ஸ்டென்ஷன் வயரும் கூடாது. 3 கிலோவாட் ஓவன் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும், மெல்லிய வயர் உருகிவிடும். சுவிட்ச் சுடுகிறது, கருகிய வாடை வருகிறது, உள்ளே சடசடவென்று சத்தம் கேட்கிறது என்றால் பிரேக்கரை அணைத்துவிட்டு அப்படியே விடுங்கள்.

சுவிட்சும் பிரேக்கரும் வரைதான் உங்கள் எல்லை. ஓவனை வெளியே இழுத்துப் பின்மூடியைத் திறப்பது வேண்டவே வேண்டாம். வீட்டு வயரிங்கில் லைசென்ஸ் உள்ளவர் மட்டுமே கை வைக்கலாம் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது, வாடகை வீட்டில் நீங்கள் தொட்டு ஏதாவது ஆனால் இன்சூரன்சிலும் சிக்கல் வரலாம். வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லுங்கள். எது எரிகிறது, எது சூடாகவில்லை, போர்டில் எது விழுந்தது, போட்ட உடனேயா சூடான பிறகா என்று எழுதி, போர்டை ஒரு போட்டோவும், மாடல் எண் இருக்கும் ஸ்டிக்கரை ஒரு போட்டோவும் எடுத்து அனுப்புங்கள். ஓவன் கதவைத் திறந்தால் ஓரச் சட்டத்தில் பெரும்பாலும் அது ஒட்டியிருக்கும்.