‘ரிஜிஸ்டர் மேரேஜ்’: ஒரே சொல், இரண்டு திருமணங்கள்

நம் ஊர்களில் ‘ரிஜிஸ்டர் மேரேஜ்’ என்ற சொல் இரண்டு வேறு செயல்களைக் குறிக்கிறது. கோயிலிலோ மண்டபத்திலோ நடந்து முடிந்த திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது ஒன்று. மதச் சடங்கு ஏதுமின்றி, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி திருமண அலுவலர் முன்னிலையில் மணம் புரிவது மற்றொன்று. முன்னதில் பதிவு வெறும் சான்று, பின்னதில் அலுவலகத்தில் நடப்பதுதான் திருமணம்.

இவ்வேறுபாடு தெரியாததால், “முகூர்த்தம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், விசாவுக்காக இப்போதே பதிந்துவிடுவோம்” என்று இந்து திருமணச் சட்டத்தின்கீழ் சான்று வாங்குபவர்கள் உண்டு. உரிய சடங்குகள் நடக்காத நிலையில் அந்தச் சான்று மட்டும் இருவரையும் கணவன் மனைவியாக்காது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தெளிவாகக் கூறியது. அதற்காக ஐயரும் அக்னியும் கட்டாயம் என்று எண்ணுவதும் தவறே. அண்ணா ஆட்சியில் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட 7ஏ பிரிவின்படி, உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்து, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும், தமிழ்நாட்டில் அது முழுமையான இந்துத் திருமணம்.

மதம் மாறாமல் மணம் புரியும் இந்து, கிறித்தவ இணையர் செய்யும் பிழைதான் மிகவும் கவலைக்குரியது. கோயிலில் தாலி கட்டி இந்து திருமணச் சட்டத்தின்கீழ் பதிந்தால் எல்லாம் முடிந்தது என நினைக்கிறார்கள். ஆனால் அச்சட்டம் இருவருமே இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும் என்பதால், அத்தகைய திருமணம் செல்லாது என 2008இலேயே தீர்ப்பாகியுள்ளது. இவர்கள் நாட வேண்டியது சிறப்புத் திருமணச் சட்டத்தைத்தான். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் வசித்திருக்க வேண்டும், மணம் புரியப்போவதாகத் திருமண அலுவலரிடம் அறிவிப்பு கொடுத்தபின் மேலும் 30 நாள் காத்திருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். எனவே அறிவிப்பு கொடுக்கும் முன்பே அழைப்பிதழில் தேதியை அச்சிடுவது வீண் அவசரம். அறிவிப்பு கொடுத்த மூன்று மாதங்களுக்குள் திருமணம் நடக்கவில்லையென்றால் அறிவிப்பையே புதிதாகக் கொடுக்க நேரும்.

மணமுறிவிலும் இதே குழப்பம் தொடர்கிறது. திருச்சபை நீதிமன்றம் ஒரு திருமணத்தை ரத்து செய்தால், அது திருச்சபைக்குள் மட்டுமே செல்லும். குடிமைச் சட்டத்தின் பார்வையில் அத்திருமணம் நிலைத்திருக்கிறது. அரசு நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெறாமல் மறுமணம் செய்பவர்மீது இருதார வழக்கே பாயக்கூடும்.