சூட்டுக் கீமோவுக்காகச் சென்னைக்குப் போக நினைக்கும் குடும்பங்களுக்கு

"இங்கே கீமோ மட்டும்தான் என்கிறார்கள். சென்னையில் ஹைபெக் செய்யலாமாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?" வெளிநாட்டிலிருந்து இப்படிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: டிக்கெட் போடுவதற்கு முன், அது எந்தப் புற்றுநோய் என்று பாருங்கள். பதில் அதைப் பொறுத்துத்தான்.

ஹைபெக் என்பது வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியும் கட்டிகளையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, 41 முதல் 43 டிகிரி சூட்டில் கீமோ மருந்தை அங்கேயே 30 முதல் 90 நிமிடம் சுற்றவிடுவது. பெரிய அறுவை சிகிச்சை. பகல் முழுவதும் நீளலாம்.

குடல்வாலில் தொடங்கி வயிற்றில் சளிபோல் பரவும் சூடோமிக்ஸோமாவுக்கு இது பரவலாக ஏற்கப்பட்ட சிகிச்சை. பெருங்குடல் புற்றுநோயில்தான் சிக்கல். பிரான்சில் 265 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான பிரோடிஜ் 7 ஆய்வில், அறுவை மட்டும் செய்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம்) 41.2 மாதம், ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தால் ஹைபெக்கும் சேர்த்தவர்களுக்கு 41.7 மாதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். அதன் பிறகு பல மருத்துவர்கள் தயங்குகிறார்கள்; மைட்டோமைசின் என்ற வேறு மருந்துக்கு மாறியவர்களும் உண்டு. சூலகப் புற்றுநோயில் நிலைமை வேறு. 2018இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், மூன்றாம் நிலையில், முதலில் கீமோ எடுத்துப் பிறகு அறுவை மட்டும் செய்தவர்களின் இடைநிலை ஆயுள் 33.9 மாதம், அறுவையோடு ஹைபெக்கும் சேர்த்தவர்களுக்கு 45.7 மாதம். ஆக, ஒரு நாட்டில் மறுப்பதும் இன்னொரு நாட்டில் செய்வதும் அலட்சியமோ பேராசையோதான் என்று முடிவுகட்டாதீர்கள்.

உங்கள் ஊர் மருத்துவமனை மறுத்தால், நாட்டின் சிறப்பு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக்கும் மான்செஸ்டரும், நோர்வேயில் ஒஸ்லோவும், டென்மார்க்கில் ஓர்ஹூஸும் உள்ளன. கூச்சப்படாமல் கேளுங்கள், நீங்கள் கேட்காமல் அது நடக்காமலும் போகலாம்.

சரி, சென்னைதான் என்று முடிவானால், அங்குள்ள அறுவை நிபுணரிடம் பிசிஐ எவ்வளவு என்று கேளுங்கள். பரவலைக் காட்டும் எண் அது. 0 முதல் 39 வரை போகும். கட்டி முழுவதையும் எடுக்க முடியுமா, எந்த மருந்து, வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார், ஐசியு நாட்கள் கூடினால் செலவு எவ்வளவு ஏறும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஸ்கேன் அறிக்கை மட்டும் போதாது. படங்கள் உள்ள சிடியையும், பயாப்ஸியில் எடுத்த திசு உள்ள கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கையோடு எடுத்துப் போங்கள். இந்தியக் குடியுரிமையோ, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையோ இல்லையென்றால் மருத்துவ விசா எடுங்கள். துணைக்குப் போகிறவருக்குத் தனி விசா.

திரும்பும் தேதியைத் தள்ளி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள். அறுவைக்குப் பின் நீண்ட விமானப் பயணத்தில் காலில் இரத்தம் உறையலாம். இரத்தம் உறையாமல் இருக்கும் ஊசியைப் பெரும்பாலும் நான்கு வாரம் போடச் சொல்வார்கள். அதை எப்போது நிறுத்துவது, எப்போது பறக்கலாம் என்பதை அறுவை செய்தவரே சொல்லட்டும்.

அப்புறம், மண்ணீரலையும் எடுத்தார்களா என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்திருந்தால் கிருமித்தொற்று எளிதில் கடுமையாகலாம்; அதனால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகள் அவசியம். பிற்பாடு ஊருக்குப் போகும்போதும் மலேரியா உள்ள இடமா என்று பார்க்க வேண்டும்; நாய் கடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.