ஸ்டைபண்டில் பிடித்த வரியைத் திரும்ப வாங்குங்கள்

இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்டில் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே நிறுவனம் கழித்துக்கொள்ளும் வரி) பிடித்திருந்தால் போகட்டும் என்று விடாதீர்கள், வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அது உங்கள் வங்கிக் கணக்குக்கே திரும்பும். மாதம் 20,000 வீதம் 6 மாதம் வேலை பார்த்தால் பிடித்தது 12,000 ரூபாய், சில மாத மெஸ் பில் அது! நிறுவனம் உங்கள் மொத்த வருமானத்தைப் பார்த்துப் பிடிப்பதில்லை, ஆனால் 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறைப்படி ஆண்டு வருமானம் 4 லட்சம் வரை இருந்தால் வரியே கிடையாது, அதனால்தான் பிடித்தது திரும்புகிறது. முதலில் உங்களிடம் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐ வருமான வரி இணையதளத்தில் திறந்து உங்கள் பான் எண்ணில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி கொடுத்து அதை இ-வெரிஃபை (இணையத்தில் உறுதி) செய்துவிடுங்கள், அதைச் செய்யாமல் பணம் வராது. பான் கொடுக்காமலே சேர்ந்தவர்களுக்கு இது உதவாது, அவர்களுக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள், அது 26ஏஎஸ் கணக்கிலும் ஏறாது.