லைஃப் சர்டிபிகேட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டும்: பென்ஷன்காரர் வீட்டுக் குறிப்புகள்

திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே மெயில் சர்வீஸில், 34 வருஷம் தபால்களை ஊர்வாரியாகப் பிரித்தவன் நான். பாதி சர்வீஸ் நைட் செட், ராத்திரி ஷிப்ட். 2014 மே 31 சாயங்காலம் மாலை போட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அன்று ராத்திரியே இரண்டரை மணிக்கு முழிப்பு வந்தது. இன்றுவரை வருகிறது. அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசித்ததும், பட்டதும்தான் இங்கே எழுதியிருப்பவை. எனக்குத் தெரிந்தது மத்திய அரசு பென்ஷன். மாநில அரசுக்கும் பி.எஃப். பென்ஷனுக்கும் விதி வேறு, அதில் நான் தலையிடவில்லை.

முதலில் நவம்பர். வருஷத்துக்கு ஒரு முறை நாம் உயிரோடு இருக்கிறோம் என்று லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டிய மாதம். 80 வயது ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் டிசம்பர் பென்ஷன் நிற்கும். எனக்கு ஒரு வருஷம் நின்றது. பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். எங்கே வைத்தார்களோ, காணவில்லை. பெற்றுக்கொண்டதற்கு ஒரு முத்திரை வாங்கி வந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் முத்திரை குத்திய இலாகாவில் இருந்தவன், எனக்கு ஒன்று கேட்டு வாங்கவில்லை. கவுண்டருக்கு முன்னால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறேன், "சிஸ்டத்துல வரலையே சார்" என்கிறார்கள். மறு மாதம் சேர்த்து வந்துவிட்டது, வராமல் போகாது. ஆனால் அந்த ஒரு மாதம் மளிகைக் கடைக்காரரிடம் நின்றது எனக்கல்லவா தெரியும்.

அடுத்த வருஷம் ரேகை வைக்கும் மெஷினுக்குப் போனேன். சணலும் சாக்கும் பிடித்துத் தேய்ந்த விரல்கள். பத்தையும் மாற்றி மாற்றி வைத்தும் சிவப்பு விளக்குதான். உங்களுக்கும் அப்படியென்றால் மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டாம். 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டியே செய்யலாம், வீட்டிலிருந்தபடி.

ஆண்ட்ராய்டு போனில் இரண்டு ஆப் வேண்டும்: ஜீவன் பிரமாண், ஆதார் ஃபேஸ் ஆர்டி. பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பும் லிங்கைத் தொட வேண்டாம். முதலில் 'ஆபரேட்டர்' பதிவு கேட்கும். வீட்டில் யாராவது ஒருவர் தன் ஆதாரையும் முகத்தையும் வைத்துப் பதிந்துகொள்ளலாம், நாமே நமக்கு ஆபரேட்டராகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் மருமகள்தான் ஆபரேட்டர். அதன் பிறகு நம் ஆதார் எண், மொபைலுக்கு வரும் ஓ.டி.பி., பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) எண், பென்ஷன் வரும் கணக்கு எண். மறுமணம் செய்துகொண்டீர்களா, வேறு வேலைக்குப் போகிறீர்களா என்றும் கேட்கும். முதல் கேள்வியை மருமகள் சத்தமாக வாசித்தாள். அடுப்படியிலிருந்து என் மனைவி, "நல்லா கேட்டுக்கம்மா" என்றாள்.

பிறகு முகம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள், முகம் இருட்டடித்துவிடும். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். எனக்கு இரண்டு தடவை தவறியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்றாம் தடவை சிமிட்டியதும் எடுத்துக்கொண்டது. பேரன் பக்கத்தில் நின்று, "தாத்தா, சாமி கும்பிடற மாதிரி மூடாதீங்க, சும்மா சிமிட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் மொபைலுக்குப் பிரமாண் ஐ.டி. வரும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஐ.டி. வந்தால் சர்டிபிகேட் தயாராகிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். பென்ஷன் கொடுக்கும் இடம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். பி.பி.ஓ. எண்ணில் ஒரு இலக்கம் பிசகினாலும், பேங்க் பெயரை மாற்றித் தொட்டிருந்தாலும் திருப்பிவிடுவார்கள். ஆகவே நவம்பர் முதல் வாரமே முடித்துவிட்டு, சில நாள் கழித்து நிலவரம் பாருங்கள். ஐ.டி. வருஷா வருஷம் புதுசு, பழையது செல்லாது. போன் ஒத்துவராதவர்களுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொடுப்பார், அதற்குச் சிறு கட்டணம் உண்டு. "உங்க லைஃப் சர்டிபிகேட் காலாவதி, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யாராவது கூப்பிட்டால் பேசாமல் வையுங்கள். சொல்லித் தொலைத்துவிட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், சைபர் மோசடிப் புகார் எண் அது.

கம்யூடேஷன், அதாவது பென்ஷனில் ஒரு பகுதியை விற்று முன்கூட்டியே மொத்தமாகப் பணம் வாங்குவது பற்றி நிறைய சண்டை கேட்டிருக்கிறேன். நான் 40 சதவீதம் விற்றேன், பெண் கல்யாணத்துக்கு. வருத்தமில்லை. விற்ற பகுதி 15 வருஷம் கழித்துத் திரும்பச் சேரும். எனக்கு அது 2029. தானாகச் சேர வேண்டும்தான், ஆனாலும் தேதியை எழுதி வையுங்கள். அகவிலைப்படியை, விற்றது போக மிச்சத்துக்கு அல்ல, முழு பென்ஷனுக்கும் கணக்கிட வேண்டும். பேங்க் ஸ்லிப்பை வாங்கி ஒரு தடவையாவது நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இனி மனைவி விஷயம். இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறோம். என் பி.பி.ஓ.வில் அவள் பெயருக்கு முன்னால் அவள் அப்பா இனிஷியல். ஆதாரில் என் இனிஷியல். பிறந்த தேதி பி.பி.ஓ.வில் இல்லவே இல்லை. நான் போன பிறகு இது இரண்டு ஆளா ஒரே ஆளா என்று அவள் கவுண்டர் கவுண்டராக நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்திருக்கும். பிறந்த தேதி ஏன் முக்கியம் என்றால், 80 வயதில் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடும், 85-இல் அது 30 ஆகும், நமக்குப் பின் அவளுக்கு வரும் குடும்பப் பென்ஷனுக்கும் அப்படியே. வயது பதிவில் இல்லாவிட்டால் யார் கூட்டிக் கொடுப்பார்கள்? திருத்தி வாங்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. உயிரோடு இருக்கும்போது எட்டு மாதம் என்றால் பிறகு எவ்வளவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பென்ஷன் கணக்கையும் அவள் பெயரோடு சேர்த்து ஜாயின்ட் ஆக்கிவிடுங்கள், புதுக் கணக்குக்கு அலைய வேண்டாம்.

தொகை குறையும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால் பென்ஷன் 20,000. நாம் 67 வயது தாண்டிய பிறகு போனால் மனைவிக்கு அந்தச் சம்பளத்தில் 30 சதவீதம், அதாவது 12,000. அகவிலைப்படி தனி. வீட்டுச் செலவு அந்த அளவுக்குக் குறையாது, குறைவது ஒரு ஆள் சாப்பாடு மட்டும்தான். அதனால்தான் என் கிராஜுவிட்டியில் ஒரு பகுதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி. 2023 ஏப்ரலிலிருந்து 30 லட்சம் வரை போடலாம். அவ்வளவு யாரிடம் இருக்கிறது என்பது வேறு கதை. பிள்ளைகள் கேட்டால் வட்டியிலிருந்து கொடுக்கிறேன், முதலைத் தொடுவதில்லை. மகன் ஒரு தீபாவளி வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், பிறகு சரியாகிவிட்டான்.

எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன், ராத்திரி இரண்டரை மணி வேலையாக. பி.பி.ஓ. எந்த பீரோவில், நகல் எத்தனை, இறப்புச் சான்றிதழ் வாங்கியதும் எங்கே போவது, யாரைக் கேட்பது என்று. காலையில் அவளிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்தாள்.

"சரிங்க, நான் முதல்ல போயிட்டா?"

அதற்கு நோட்டில் பக்கம் இல்லை. இப்போது பின்பக்கத்திலிருந்து அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள். கேஸ் புக் பண்ணும் நம்பர், பால் கணக்கு, என் பிரஷர் மாத்திரை டப்பா இருக்கும் இடம். நேற்றுப் பார்த்தபோது ரசத்துக்குப் புளி எவ்வளவு என்பது வரை வந்திருந்தாள்.