தவணை கட்டப் பணம் போதாதபோது: யாருக்கு முதலில் கொடுப்பது, வசூல் ஆளிடம் என்ன பேசுவது

பணம் போதாத மாதத்தில் பலரும் செய்வது ஒன்றுதான்: யார் அதிகம் போன் பண்ணித் தொல்லை கொடுக்கிறாரோ அவருக்கு முதலில் கட்டிவிடுவது. அது பெரும்பாலும் தப்புக் கணக்கு. தினமும் பத்து முறை அழைக்கும் கிரெடிட் கார்டுக்காரர் கையில் உங்கள் பொருள் எதுவும் இல்லை. நகையை அடகு பிடித்தவரோ ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு ஏலத்துக்குப் போய்விடுவார்.

1. எல்லாக் கடனையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

கடனுக்கு ஒரு வரி. யாரிடம், எவ்வளவு பாக்கி, மாதத் தவணை, தேதி, எத்தனை நாள் தவறியிருக்கிறது. கடைசியில் ஒரு கட்டம்: "கட்டாவிட்டால் என்ன போகும்?" நகை, பைக், வீடு, ஜாமீன் போட்ட மச்சானின் நிம்மதி, எதுவானாலும் அங்கே எழுதுங்கள். முடிவெடுக்க உதவுவது அந்தக் கட்டம்தான்.

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டுக் கணக்கு. வருமானம் 28,000. வாடகை, மளிகை, கரண்ட், பிள்ளைகள் செலவு போக மீதி 11,000. தவணைகள்: நகைக்கடன் வட்டி 1,500, பைக் 3,200, மகளிர் குழுக் கடன் 2,400, பெர்சனல் லோன் 5,600, கார்டில் மினிமம் 2,300. மொத்தம் 15,000, துண்டு விழுவது 4,000. நகை போனால் திரும்ப வாங்க முடியாது. பைக் போனால் வேலையும் போகும். குழுவில் நீங்கள் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவை நெருக்குவார்கள். ஆக இந்த மூன்றுக்கும் 7,100 முதலில். மிச்சம் 3,900ஐ பெர்சனல் லோனுக்கு ஒதுக்கி, தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். கார்டு இந்த மாதம் காத்திருக்கட்டும். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் இறங்கும், வட்டியும் ஏறும். தெரிந்தே எடுக்கும் முடிவு இது.

வீட்டுச் செலவை முதலில் கழித்ததைக் கவனியுங்கள். அரிசிப் பணத்தில் தவணை கட்டினால் பத்தே நாளில் தண்டல்காரரிடம் போய் நிற்க நேரும். 10,000 என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 தந்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலிக்கும் தண்டலின் வட்டி வருடக் கணக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டும்.

2. தவறுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்

வங்கிக் கணக்குப்படி 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் அது வாராக்கடன். அதற்கு முன்னால் கிளை மேலாளரால் தவணையைக் குறைக்கவோ காலத்தை நீட்டவோ முயற்சி எடுக்க முடியும். பின்னால் கோப்பு வசூல் பிரிவுக்குப் போய்விடும். கடிதம் இவ்வளவு போதும்:

"கடன் கணக்கு எண் ____. தவணை ரூ. 5,600. ஜூன் முதல் எனக்கு ஓவர்டைம் நின்றுவிட்டது. சம்பளச் சீட்டு இணைத்துள்ளேன். ஜூலை முதல் டிசம்பர் வரை மாதம் ரூ. 3,900 மட்டுமே கட்ட முடியும். தவணையைக் குறைத்து, கடன் காலத்தை நீட்டித் தரவேண்டுகிறேன். பதிலை எழுத்தில் அனுப்பவும்."

இமெயிலில் அனுப்புங்கள், அல்லது கிளையில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். "சீக்கிரம் கட்டிவிடுகிறேன்" என்று மட்டும் எழுதுவது வீண். தொகையும் மாதமும் இல்லாத கடிதத்தை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது.

வீட்டுக்கடன் என்றால் இன்னும் அவசரம். வாராக்கடன் ஆனபின், ஈடு வைத்த சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அதற்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாகவேண்டும். கவரைப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிடுவதுதான் இங்கே பலருக்கு நடக்கும் பெரிய இழப்பு.

3. பவுன்ஸைக் கவனியுங்கள்

பணமில்லாத கணக்கில் தவணை எடுக்க வந்து திரும்பினால் உங்கள் வங்கி ஒரு அபராதம் பிடிக்கும், கடன் கொடுத்தவர் இன்னொன்று போடுவார். கணக்கையே மூடிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். செக் பவுன்ஸைப் போலவே ஆட்டோ டெபிட் பவுன்ஸுக்கும் வழக்குப் போட முடியும். செக் திரும்பியதற்கு வக்கீல் நோட்டீஸ் வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் கட்டிவிட்டால் வழக்கு இல்லை. நோட்டீஸ் கவரின் மேலேயே தேதியைக் குறித்துவையுங்கள்.

சம்பளம் வரும் வங்கியிலேயே கடனும் இருந்தால் அவர்கள் பாக்கிக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வழி உண்டு. வீட்டுச் செலவுப் பணத்தை வேறு வங்கியில் வையுங்கள்.

4. வசூல் ஆள் அழைத்தால், வாசலுக்கு வந்தால்

ரிசர்வ் வங்கி விதிப்படி காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பாக்கி கேட்டு அழைக்கக்கூடாது. மைக்ரோஃபைனான்ஸ் எனப்படும் சிறுகடனுக்கு அழைக்கக்கூடிய நேரம் காலை 9 முதல் மாலை 6 வரைதான். மிரட்டுவது, கெட்ட வார்த்தை பேசுவது, உறவினரிடமும் ஆபீஸிலும் சொல்லி மானத்தை வாங்குவது எல்லாமே விதிமீறல்.

வாசலில் நின்றால் உள்ளே கூப்பிடவேண்டாம், கத்தவும் வேண்டாம். "சார், உங்க ஐடி கார்டும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் காட்டுங்க" என்று கேட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காட்டாதவரிடம் பேச்சு இல்லை. காட்டினால் ஒரே பதில்: "இந்த மாசம் 3,900 தான் முடியும், 7ஆம் தேதி கடன் கணக்குலேயே போடுறேன், மெயிலும் அனுப்பியிருக்கேன்." முடியாத தேதியைச் சொல்லாதீர்கள், சொன்ன தேதி அவர் ஆப்பில் ஏறிவிடும், தவறினால் அடுத்த முறை வருபவர் இன்னும் கடுமையாகப் பேசுவார். அவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பவேண்டாம். ரொக்கம் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் ரசீது கைக்கு வந்தபிறகு.

"நாளைக்கு போலீஸ் வரும்" என்பது வழக்கமான பூச்சாண்டி. கடனைக் கட்ட முடியாதது சிவில் விவகாரம். அதற்காக மட்டும் கைது கிடையாது. ஆனால் கோர்ட் சம்மன் வந்தால் அது வேறு, கட்டாயம் ஆஜராகவேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100இல் அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. மூன்று வருடத்துக்கு மேல் கிடப்பில் கிடந்த கடனுக்குப் புதிதாகக் கையெழுத்து கேட்டால் வக்கீலிடம் காட்டாமல் போடாதீர்கள்.

5. புகார்

முதலில் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில். அழைப்பு வந்த நேரம், எண், பேசிய வார்த்தை, பதிவு இருந்தால் அதுவும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால், வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, விவரத்துக்கு 14448. வங்கியிடம் எழுதாமல் நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கந்துவட்டி, மீட்டர் வட்டிக்காரருக்கு ஆம்புட்ஸ்மேன் கிடையாது. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டத்தின் கீழ் போலீஸில் புகார் கொடுக்கலாம். 3 வருடம் வரை சிறை உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்புக் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். கொடுத்த பணத்துக்கு எழுதிவைத்த தேதிவாரிக் கணக்கு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கிய விவரம் மூன்றும் மனுவில் இருக்கட்டும். லோன் ஆப் ஆட்கள் போட்டோவை மார்பிங் செய்து மிரட்டினால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

6. செட்டில்மென்ட்

மொத்தமாக ஒரு தொகை கட்டி முடிக்கச் சொன்னால், வங்கியின் பெயரில், தொகையும் கடைசித் தேதியும் குறித்த கடிதம் வருமுன் பணம் கட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஏஜென்ட் சொன்ன தொகை நாளைக்குச் செல்லாது. இப்படி முடித்த கடன் சிபிலில் "செட்டில்டு" என்றே நிற்கும். முழுதாகக் கட்டினால்தான் "குளோஸ்டு". புதுக்கடன் தேவைப்படாதவருக்கு "செட்டில்டு" பெரிய குறையில்லை.

கட்டியபின், பாக்கி எதுவும் இல்லை என்னும் நோ டியூ சான்றிதழ் வாங்குங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையைப் பாருங்கள். திருத்தாமல் விட்டிருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. ஈடு வைத்த வீட்டுப் பத்திரம் என்றால், கடன் தீர்ந்த 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் உங்களுக்கு நாளுக்கு 5,000 ரூபாய்.